முப்பது பேர் படிக்கும் கல்லூரியில் பாராமெடிக்கல் பட்டம்: வாசகர் கேள்வி – பதில்

பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து பாராமெடிக்கல் படிப்புகள் பற்றிய கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர்கள் மட்டும் எழுதவில்லை, இதைத்தான் படிப்பேன் என்று முடிவெடுத்துவிட்டவர்களும் எழுதுகிறார்கள். ஆய்வகம், எக்ஸ்ரே, டயாலிசிஸ் பிரிவுகளில் பாடம் நடத்தி அனுபவமுள்ளவர்கள் இங்கே பதில் தருகிறார்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.எஸ்சி. எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) இடம் கிடைக்கிறது. வகுப்பில் முப்பது பேர்தான். நூறு படுக்கை ஆஸ்பத்திரி ஒன்று சேர்ந்தே இருக்கிறது. கல்லூரி சின்னது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். சேர்க்கலாமா?
– ஒரு தாய், மணப்பாறை

பதில்: சேர்க்கலாம் அம்மா. சின்னது என்பது இந்தப் படிப்பில் குறையே அல்ல. பார்க்க வேண்டியது கல்லூரிக் கட்டடத்தை அல்ல, அதை ஒட்டியிருக்கும் ஆஸ்பத்திரியின் லேபை. ஆனால் அதற்கும் முன்னால் காகிதத்தைப் பார்த்துவிடுங்கள்.

"டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி" என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அது மட்டும் போதாது. இணைப்பு ஒவ்வொரு படிப்புக்கும், இத்தனை இடங்கள் என்ற கணக்கோடு தனித்தனியாகத் தரப்படுவது. ஒரே வளாகத்தில் நர்சிங்குக்கு இணைப்பு இருந்து, புதிதாகத் தொடங்கிய எம்.எல்.டி.க்கு இன்னும் வராமல் இருக்கலாம். "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்றால் பணம் கட்டாதீர்கள். இந்த ஆண்டுக்கான இணைப்பு ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். பல்கலைக்கழக இணையதளத்தில் உள்ள கல்லூரிப் பட்டியலிலும் ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றோடு "டை-அப்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

அடுத்தது லேப். ஒரு வேலை நாளில் காலை ஏழரை மணிக்கு ரத்தம் எடுக்கும் அறைக்கு எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு ஆட்கள் வரும் நேரம் அது. அப்போதும் நாற்காலிகள் காலியாகக் கிடந்தால், உங்கள் மகளுக்கு நான்கு வருடத்தில் கை பழகாது. பிறகு லேபில் ஒரு கேள்வி கேளுங்கள்: "கல்ச்சர், பயாப்சி, ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் இங்கேயே செய்கிறீர்களா, வெளியே அனுப்புகிறீர்களா?" நூறு படுக்கை ஆஸ்பத்திரிகளில் பல, இவற்றை வெளி லேபுக்கு அனுப்பிவிடும். அனுப்புவது தப்பில்லை, அவர்களுக்கு அதுதான் கட்டுப்படியாகும். ஆனால் மாணவிக்கு மிஞ்சுவது ரத்த எண்ணிக்கை, சர்க்கரை, யூரியா, சிறுநீர் மட்டும்தான். மைக்ரோபயாலஜியும் ரத்த வங்கியும் கண்ணால் பார்க்காமலே பட்டம் வாங்கிவிடுவார்கள். அப்படிப்பட்ட இடமென்றால், அந்த இரண்டு பிரிவுக்கும் எந்த வெளி ஆஸ்பத்திரிக்கு, எத்தனை வாரம் அனுப்புவார்கள் என்று கேளுங்கள். ஒப்பந்தக் கடிதம் இருந்தால் காட்டுவார்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொன்னால் ஒப்பந்தம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சிறிய வகுப்பின் லாபம் மைக்ராஸ்கோப்பில் தெரியும். நூறு பேர் படிக்கும் இடத்தில் ஐந்தாறு பேருக்கு ஒன்று. முப்பது பேருக்குப் பதினைந்து மைக்ராஸ்கோப் இருந்தால் இருவருக்கு ஒன்று. எண்ணிப் பாருங்கள். எண்ணும்போது ஒன்றிரண்டை ஆன் செய்யவும் சொல்லுங்கள். பல்பு போனவற்றையும் சேர்த்துக் கணக்குக் காட்டுவது உண்டு. ஆசிரியர்களில் எம்.எஸ்சி. எம்.எல்.டி. படித்தவர் எத்தனை பேர், ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்துக்கொண்டே இடையில் வந்து பாடம் நடத்துகிறவர் எத்தனை பேர் என்றும் கேட்டுவிடுங்கள். இரண்டாவது வகை ஆசிரியரை மட்டமாக நினைக்க வேண்டாம், நல்ல செய்முறை அவரிடம்தான் இருக்கும். ஆனால் லேபில் கூட்டம் அதிகமான நாளில் உங்கள் மகளின் வகுப்பு நடக்காது.

கட்டணத்தில் எது சேரவில்லை என்று கேளுங்கள்: பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம், பதிவுக் கட்டணம், கோட்டு, ரெக்கார்டு நோட்டு, வெளி போஸ்டிங் (வேறு ஆஸ்பத்திரியில் பயிற்சி) கட்டணம், அந்த நாட்களின் பஸ் செலவு. எல்லாவற்றுக்கும் ரசீது கேளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கொடுக்கும் முன் ஸ்கேன் செய்து, ஐந்து செட் நகலெடுத்து, எவையெவை கொடுத்தீர்கள் என்று கையெழுத்துடன் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கவுன்சலிங்கில் எம்.எல்.டி., ரேடியாலஜி, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி என்று ஏகப்பட்ட பெயர்கள். எதை முதலில் போடுவது?
– பிளஸ் டூ மாணவன், திருவாரூர்

பதில்: இவற்றில் பெரும்பாலானவை மூன்று வருடப் படிப்பு, ஒரு வருட இன்டர்ன்ஷிப். பெயரைப் பார்க்காமல், அந்தப் படிப்புக்கு என்ன இயந்திரம், எப்படிப்பட்ட நோயாளி வேண்டும் என்று பாருங்கள் தம்பி. அது அந்தக் கல்லூரியில் இருந்தால்தான் படிப்பு.

டயாலிசிஸ் ஒரு நல்ல உதாரணம். ஐந்து இயந்திரமும், நாளுக்கு இரண்டு ஷிப்டும் ஓடும் சின்ன ஆஸ்பத்திரியிலேயே அதை முழுதாகக் கற்கலாம். ஒரு நோயாளிக்கு நான்கு மணி நேரம், பொதுவாக வாரம் மூன்று முறை. அதே முகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், எடை எப்படி ஏறுகிறது, உடலில் சேர்ந்த நீரை எடுக்கும்போது ரத்த அழுத்தம் ஏன் சரிகிறது என்பதெல்லாம் புத்தகத்தைவிடத் தெளிவாகப் புரியும். அங்கே பார்க்க வேண்டியது தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பிளான்ட். நிமிடத்துக்கு 500 மில்லி டயாலிசேட் (ரத்தத்தைச் சுத்தம் செய்யும் கரைசல்) ஓடினால் நான்கு மணி நேரத்தில் ஒரு நோயாளியின் ரத்தத்துக்கு எதிர்ப்பக்கம் 120 லிட்டர் தண்ணீர் கடந்துபோகிறது. அந்தத் தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன் சோதித்து எழுதும் நோட்டு அங்கே இருக்க வேண்டும். கார்பன் வடிகட்டி தேய்ந்து குளோரமின் என்ற குளோரின் சேர்மம் கசிந்தால் சிவப்பணுக்கள் உடையும். நோட்டு இல்லாத இடத்தில் கற்றுக்கொள்வதெல்லாம் கெட்ட பழக்கமாகத்தான் இருக்கும்.

ரேடியாலஜி வேறு கதை. ஒரு எக்ஸ்ரே, ஒரு அல்ட்ராசவுண்ட் மட்டும் உள்ள இடத்தில் சேராதீர்கள். சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் அதே வளாகத்தில் அல்லது உறுதியான வெளி போஸ்டிங்கில் இருக்க வேண்டும். அல்ட்ராசவுண்டைக் கற்று நாமே ஸ்கேன் சென்டர் வைக்கலாம் என்ற கனவோடு சிலர் வருகிறார்கள். 1994-ஆம் ஆண்டின் கருப் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி, கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்யத் தகுதி பெற்ற டாக்டருக்கே அனுமதி. டெக்னீஷியனுக்குக் கிடையாது.

கார்டியாக் டெக்னாலஜிக்கு கேத் லேப் (ஆஞ்சியோகிராம் செய்யும் இடம்), பெர்ஃப்யூஷனுக்கு (இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குவது) இதய அறுவை சிகிச்சை, ரேடியோதெரபிக்கு லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற கதிர்வீச்சு இயந்திரம் வேண்டும். இவை மூன்றையும் பெரிய மருத்துவக் கல்லூரிகளில் மட்டும் போடுங்கள். அனஸ்தீசியாவும் தியேட்டரும் படிக்க விரும்பினால், மாதத்துக்கு எத்தனை ஆபரேஷன் என்று கேட்பதோடு நிறுத்தாமல், எத்தனை முழு மயக்கத்தில் நடக்கின்றன என்றும் கேளுங்கள். கண்புரையும் சிசேரியனுமாக இருந்தால் எண்ணிக்கை பெரிதாகத் தெரியும், மூச்சுக்குழாயில் டியூப் போடுவதற்கு உதவிய அனுபவம் வராது.

எம்.எல்.டி. எந்த ஊரிலும் வேலை தரும். தொடக்கச் சம்பளம் குறைவு, இரவுப் பணி உண்டு. நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சிரமம், சாயமிட்ட ஸ்லைடுதான் அங்கே எல்லாம்.

கேள்வி: முதல் பட்டதாரி சலுகையும் புதுமைப் பெண் திட்டமும் இந்தப் படிப்புக்குக் கிடைக்குமா?
– வாசகி, அரியலூர்

பதில்: புதுமைப் பெண் திட்டம் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் ₹1,000 தருகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கியது, பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. இரண்டுக்கும் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம் போகும். சிறிய கல்லூரியில் இதைக் கவனிக்கத் தனி ஆள் இருக்காது, நீங்கள்தான் அலுவலகத்தில் நினைவூட்ட வேண்டும். பள்ளி மாற்றியவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்று வாங்க வேண்டிவரும், விடுமுறையிலேயே அலைந்து வாங்கிவிடுங்கள். முதல் பட்டதாரி சலுகை கவுன்சலிங் வழியாக வரும் இடத்துக்குத்தான். அதே கல்லூரியில் மேனேஜ்மென்ட் இடத்தில் சேர்ந்தால் இல்லை. "எப்படியும் இந்தக் கல்லூரிதானே" என்று முன்கூட்டியே பணம் கட்டி, சலுகையை இழப்பவர்கள் உண்டு.

கேள்வி: லேபில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். ஞாயிறு மட்டும் வகுப்பு வைத்து, தபால் வழியில் பி.எஸ்சி. எம்.எல்.டி. தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது.
– வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். 2021-ஆம் ஆண்டின் தேசிய துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைதூர, ஆன்லைன் முறையில் நடத்தக் கூடாது என்று யுஜிசி 2025-ஆம் கல்வியாண்டிலிருந்து நிறுத்திவிட்டது. அந்தச் சட்டமே பட்டய, பட்டப் படிப்புகளுக்குக் குறைந்தது 2,000 மணி நேரம் என்று வரையறுக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளை வைத்து அந்தக் கணக்கை முடிக்க முடியாது. வேலையை விட முடியாத நிலையில் இருந்தால், அங்கீகாரமுள்ள இரண்டு வருட டி.எம்.எல்.டி. பட்டயத்தை நேரில் படிக்க வழியிருக்கிறதா, மாலையோ இரவோ ஷிப்டு மாற்றித் தருவார்களா என்று பாருங்கள்.

கேள்வி: தமிழ்வழியில் படித்து வந்தேன். முதல் வருடம் அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றும் ஆங்கிலத்தில். படித்தாலும் மனதில் நிற்பதில்லை. இன்டர்னலில் பாதிதான் எழுத முடிந்தது.
– முதலாண்டு மாணவி, தென்காசி

பதில்: உங்கள் சிக்கல் ஆங்கில இலக்கணம் அல்ல, கலைச்சொற்கள். அவற்றில் பாதி லத்தீன், மீதி கிரேக்கம். ஆங்கிலவழியில் படித்து வந்தவருக்கும் அவை புதிதுதான். எனவே பின்தங்கிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

சொல்லை உடைத்துப் படியுங்கள். "ஹைப்பர்" வந்தால் அதிகம், "ஹைப்போ" வந்தால் குறைவு. "ஈமியா" என்று முடிந்தால் ரத்தத்தில், "யூரியா" என்று முடிந்தால் சிறுநீரில், "ஐட்டிஸ்" என்றால் அழற்சி, "பீனியா" என்றால் பற்றாக்குறை. ஹைப்பர்கலீமியா: அதிகம், பொட்டாசியம், ரத்தத்தில். இப்படி ஐம்பது அறுபது துண்டுகள் தெரிந்தால் முதல் வருடப் பாடத்தின் பெரும்பகுதிச் சொற்கள் வழிக்கு வந்துவிடும். ஹைப்பரையும் ஹைப்போவையும் மாற்றி எழுதுவதுதான் தேர்வில் அதிகம் பார்க்கும் பிழை. ஒரே எழுத்தில் விடை தலைகீழாகிவிடும்.

நோட்டில் இடப்பக்கம் படமும் வலப்பக்கம் தமிழில் உங்கள் விளக்கமும் எழுதுங்கள். முதலில் தமிழில் புரிந்துகொள்ளுங்கள்: சிறுநீரகத்தில் ரத்தம் எங்கே நுழைகிறது, எங்கே வடிகிறது, எது திரும்ப உறிஞ்சப்படுகிறது. புரிந்த பிறகு அதையே ஐந்தாறு சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதிப் பழகுங்கள். நீண்ட வாக்கியம் வேண்டாம். திருத்துபவர் தேடுவது சொல்லையும் வரிசையையும் படத்தையும்தான். எண்களை அலகு இல்லாமல் மனப்பாடம் செய்யாதீர்கள். ஹீமோகுளோபின் 13 என்று எழுதினால் அரை விடை, டெசிலிட்டருக்கு 13 கிராம் என்றால்தான் முழு விடை.

நேரக் கணக்கு முக்கியம். எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத்தின் இந்தப் பிரிவுத் தாள்கள் பெரும்பாலும் மூன்று மணி நேரம், நூறு மதிப்பெண்: பத்து மதிப்பெண் மூன்று, ஐந்து மதிப்பெண் எட்டு, மூன்று மதிப்பெண் பத்து. சாய்ஸ் கிடையாது. பெரிய கேள்விக்குப் பதினைந்து நிமிடம், ஐந்துக்கு எட்டு, மூன்றுக்கு நான்கு என்று வைத்தால் 149 நிமிடம் ஆகிறது. மிச்சம் அரை மணி நேரம் படத்துக்கும் திரும்பப் பார்க்கவும். பாதிதான் எழுத முடிந்தது என்கிறீர்கள். முதல் பெரிய கேள்விக்கே முக்கால் மணி நேரம் கொடுத்திருப்பீர்கள். பழைய வினாத்தாள்கள் பல்கலைக்கழக இணையதளத்தில் கிடைக்கின்றன. வாரம் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். பாடத்திட்டம் மாறிய ஆண்டுகளில் தாளின் அமைப்பும் மாறும், உங்கள் பேட்ச்சுக்கான விதிமுறைக் கையேட்டைக் கல்லூரியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வருகைப்பதிவு, இன்டர்னல் இரண்டுக்கும் தனித்தனிக் குறைந்தபட்ச அளவு அதில் இருக்கும். எழுத்தில் எழுபது வாங்கினாலும் செய்முறையில் தவறினால் அந்தப் பாடம் அரியர்தான்.

கேள்வி: லீஷ்மன் ஸ்டெயின் (ரத்த அணுக்களுக்கான சாயம்) போட்டால் என் ஸ்லைடு எப்போதும் நீலமாகவே வருகிறது. சேம்பரில் (கட்டம் போட்ட எண்ணும் கண்ணாடி) எண்ணும் வெள்ளையணு எண்ணிக்கையும் மெஷினோடு ஒத்துப்போவதில்லை. எங்கே தப்பு?
– இரண்டாமாண்டு எம்.எல்.டி. மாணவர், ஈரோடு

பதில்: முழு ஸ்லைடும் நீலமாக வந்தால் முதலில் பஃபரை, அதாவது சாயத்தோடு கலக்கும் பி.எச். மாறாத கரைசலைச் சந்தேகப்படுங்கள். பி.எச். 6.8 இருக்க வேண்டும். பஃபர் தீர்ந்துபோய் குழாய்த் தண்ணீரை ஊற்றும் லேப்கள் உண்டு, நம் ஊர் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் காரத்தன்மை கொண்டது. அதனால் சிவப்பணுகூட நீலச் சாம்பலாகிவிடும். பி.எச். சரி என்றால், ஸ்மியர் (ஸ்லைடில் இழுத்த ரத்தப் படலம்) தடிப்பாக இருக்கலாம், அல்லது கழுவியது போதாமல் இருக்கலாம். இதற்கு மாறாக எல்லாம் சிவந்து, உட்கரு வெளிறி வந்தால் பஃபர் அமிலமாகிவிட்டது அல்லது அளவுக்கு மீறிக் கழுவியிருக்கிறீர்கள்.

ஸ்மியரிலிருந்தே தொடங்குங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத் துளி போதும். ஸ்ப்ரெடரை (ரத்தத்தை இழுக்கும் ஸ்லைடு) 30 முதல் 45 டிகிரி சாய்த்து, துளி விளிம்பு முழுக்கப் பரவிய பிறகு, நிறுத்தாமல் ஒரே இழுப்பு. ஸ்லைடின் முக்கால் நீளத்துக்குள் நாக்கு வடிவில் முடிய வேண்டும். ரத்தசோகை நோயாளியின் ரத்தம் நீர்த்திருக்கும், கோணத்தைக் கூட்டுங்கள். காற்றில் சீக்கிரம் உலர்த்துங்கள். மழைக்காலத்தில் மெதுவாக உலர்ந்தால் சிவப்பணுக்களில் ஓட்டை விழுந்ததுபோல் தெரியும். ஸ்டெயினில் ஈரம் சேர்ந்தாலும் அப்படித்தான். அதனால் பாட்டில் மூடியைத் திறந்தபடி வைக்காதீர்கள்.

ஸ்டெயினை ஊற்றி இரண்டு நிமிடம். இந்த நேரத்தில் அதிலுள்ள மெத்தனால் செல்களை நிலைப்படுத்துகிறது. பிறகு அதன் இரண்டு மடங்கு பஃபர் சேர்த்து, ஊதிக் கலந்து, ஏழு முதல் பத்து நிமிடம். கழுவும்போது ஸ்டெயினைச் சாய்த்துக் கொட்டிவிட்டு நீர் ஊற்றக் கூடாது. ஸ்டெயின் மேலேயே நீரை விட்டு மிதந்து வழியவிட வேண்டும். கொட்டினால் மேலே மிதக்கும் படிவு ஸ்லைடில் ஒட்டிக்கொள்ளும், அந்தக் கறுப்புப் புள்ளிகளை மலேரியா என்றோ பிளேட்லெட் என்றோ ரிப்போர்ட் எழுதிவிடும் ஆபத்து உண்டு. மலேரியாவுக்காகவே போடும் ஸ்லைடென்றால் பஃபர் 7.2 ஆக இருப்பது நல்லது.

வெள்ளையணு எண்ணிக்கைக்கு வருவோம். நீர்க்கச் செய்யும் டர்க் திரவம் 0.38 மில்லி, 0.02 மில்லி ரத்தம், ஒன்றுக்கு இருபது. பிப்பெட்டின் வெளிப்பக்கம் ஒட்டிய ரத்தத்தைத் துடைத்தீர்களா? துடைக்காவிட்டால் எண்ணிக்கை கூடிவிடும். துடைக்கும்போது டிஷ்யூ நுனியைத் தொட்டு உறிஞ்சிவிட்டால் குறையும். சேம்பரில் திரவம் பள்ளத்துக்குள் வழிந்தாலோ குமிழி வந்தாலோ கழுவிவிட்டு மறுபடி நிரப்புங்கள். நிரப்பி இரண்டு நிமிடமாவது படியவிட்டு, நான்கு மூலைப் பெரிய சதுரங்களையும் எண்ணுங்கள். மேல்கோடும் இடதுகோடும் தொடும் செல்லைச் சேர்த்து, மற்ற இரண்டு கோடுகளை விடுங்கள். நான்கின் கூட்டுத்தொகையை 50-ஆல் பெருக்கினால் ஒரு கன மில்லிமீட்டருக்கான எண்ணிக்கை. நான்கிலும் சேர்ந்து 140 என்றால் 7,000. ஏன் 50 என்று வைவாவில் நிச்சயம் கேட்பார்கள்: நீர்ப்பு 20, பரப்பு 4 சதுர மில்லிமீட்டர், ஆழம் 0.1, இருபதை 0.4-ஆல் வகுத்தால் ஐம்பது.

இவ்வளவும் சரியாக இருந்தும் மெஷினோடு ஒத்துப்போகாவிட்டால் எப்போதும் உங்கள் மீதே பழி போடாதீர்கள். உட்கருவுள்ள சிவப்பணுக்களைச் சில மெஷின்கள் வெள்ளையணு என்று எண்ணிவிடும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் இ.டி.டி.ஏ.வால் பிளேட்லெட் கட்டிக்கட்டியாக ஒட்டி, மெஷின் 40,000 என்று குறைத்துக் காட்டுவதும் உண்டு. ஸ்மியர் ஓரத்தைப் பார்த்தால் கட்டிகள் தெரிந்துவிடும். நோயாளிக்கு வீணாக பிளேட்லெட் ஏற்றுவதைத் தடுப்பது அந்த ஒரு ஸ்லைடுதான்.

கேள்வி: ரேடியாலஜி போஸ்டிங் ஆரம்பித்துவிட்டது. டி.எல்.டி. பேட்ஜ் (உடலில் படும் கதிர்வீச்சை அளப்பது) தரவில்லை, "ஸ்டூடண்டுக்குத் தேவையில்லை" என்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் பயம்.
– மாணவி, நாகர்கோவில்

பதில்: தேவை. எக்ஸ்ரே, சி.டி. அறைகளில் தொடர்ந்து வேலை செய்யும் பயிற்சி மாணவிக்கும் கதிர்வீச்சு அளவு கண்காணிக்கப்பட வேண்டும். பேட்ஜைக் கல்லூரி வழியாகவோ ஆஸ்பத்திரி வழியாகவோ உங்கள் பெயரில் பதிவுசெய்து வாங்கித் தர வேண்டும். அந்தப் பிரிவின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி யார் என்று கேட்டு, அவரிடம் எழுத்தில் கொடுங்கள். பேட்ஜ் வரும்வரை எக்ஸ்போஷர் நேரத்தில் கன்ட்ரோல் கன்சோல் தடுப்புக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். பதினெட்டு வயது முடியாதவராக இருந்தால் அதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பதினாறிலிருந்து பதினெட்டு வயதுவரையான பயிற்சியாளருக்கு வரம்பு ஆண்டுக்கு 6 மில்லிசீவர்ட்தான். பெரியவர்களுக்கு ஐந்து ஆண்டுச் சராசரி ஆண்டுக்கு 20, எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி.

பேட்ஜை மார்பு உயரத்தில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே அணியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவார்கள். வேலை முடிந்ததும் ஏப்ரனிலேயே குத்திவிட்டு எக்ஸ்ரே அறையில் தொங்கவிட்டுப் போனால், நீங்கள் வாங்காத கதிர்வீச்செல்லாம் உங்கள் கணக்கில் ஏறும். தோழிக்குக் கடன் கொடுப்பதும் கூடாது. ஏப்ரனை மடித்து வைத்தால் உள்ளே ஈயம் விரிசல் விட்டுவிடும், மாட்டித்தான் வைக்க வேண்டும்.

பயத்தைக் குறைப்பது தூரம். எக்ஸ்ரே குழாயிலிருந்து ஒரு மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால் அளவு நான்கில் ஒன்றாகிறது. அழும் குழந்தையைப் பிடித்துக்கொள்ள மாணவியை அனுப்புவது பல இடங்களில் நடக்கும். அது உங்கள் வேலை அல்ல. கர்ப்பமாக இல்லாத உறவினர் ஒருவருக்கு ஏப்ரன் போட்டு நிற்கவைப்பதுதான் முறை. எம்.ஆர்.ஐ.யில் இந்தக் கதிர்வீச்சே கிடையாது. அங்கே ஆபத்து காந்தம்: கத்தரிக்கோல், ஆக்சிஜன் சிலிண்டர், தலைமுடி கிளிப்.

கேள்வி: இன்டர்ன்ஷிப்பில் ரத்தம் எடுக்கவும் சாம்பிள் தூக்கவும்தான் விடுகிறார்கள். ஒரு வருடம் வீணாகிறது. போன வாரம் ஊசி வேறு விரலில் குத்திவிட்டது, சொன்னால் திட்டுவார்கள் என்று சொல்லவில்லை.
– எம்.எல்.டி. இன்டர்ன், கரூர்

பதில்: பின்னால் சொன்னதை முதலில் பார்ப்போம். இன்றே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. அந்தக் கட்டம் உங்களுக்குத் தாண்டிவிட்டது. ஆனாலும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி மூன்றுக்கும் உங்கள் ரத்தத்தைச் சோதித்து, டாக்டர் சொல்லும் இடைவெளிகளில் திரும்பவும் சோதிக்க வேண்டும். எந்த நோயாளி என்று தெரிந்தால் அவருடைய முடிவையும் பார்ப்பார்கள். மற்றவர்கள் நினைவில் வைக்க வேண்டியது: குத்தியதும் சோப்பும் ஓடும் தண்ணீரும் மட்டும், பிதுக்கக் கூடாது, ஸ்பிரிட் ஊற்றக் கூடாது, உடனே கேஷுவாலிட்டி. சிறிய ஆஸ்பத்திரியில் மருந்து இருப்பில் இல்லாமல் போகலாம், பக்கத்து அரசு மருத்துவமனையில் எங்கே கிடைக்கும் என்று போஸ்டிங்கின் முதல் நாளே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதங்களில் மூன்று டோஸ். கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு லிட்டருக்கு 10 சர்வதேச அலகுக்கு (ஐ.யு.) மேல் என்று வந்தால்தான் பாதுகாப்பு. முதல் வருடமே போட்டுவிட வேண்டியது இது. ஊசிக்கு மூடி போடாமல் நேராக வெள்ளை டப்பாவில் போடுங்கள்.

இனி ரத்தம் எடுக்கும் வேலை. அதை வீண் என்று சொல்லாதீர்கள். தப்பான ரிசல்ட்டுகளில் பெரும்பங்கு மெஷினுக்கு முன்னாலேயே உருவாகிறது. டியூப் வரிசை: கல்ச்சர் பாட்டில், நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, லாவண்டர், சாம்பல். லாவண்டரை முன்னால் எடுத்தால் அதிலுள்ள பொட்டாசியம் உப்பு அடுத்த டியூபுக்குத் தாவி, பொட்டாசியம் ஏறி, கால்சியம் இறங்கிக் காட்டும். நீல டியூபில் ரத்தம் ஒன்பது பங்கு, சிட்ரேட் ஒரு பங்கு. கோடுவரை நிரம்பாவிட்டால் பி.டி. (ரத்தம் உறையும் நேரச் சோதனை) பொய்யாக நீளும். கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. டிரிப் ஏறும் கையில் எடுத்தால் சலைனைத்தான் டெஸ்ட் செய்கிறீர்கள். சாம்பல் டியூப் இல்லாமல் சிவப்பில் எடுத்து மேசையில் விட்டால், சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். வாரத்தில் எத்தனை சாம்பிள் ஹீமோலைஸ் ஆனது (சிவப்பணு உடைந்தது), எதனால் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டைப் பார்த்த எந்த இன்சார்ஜும் உங்களை மெஷின் பக்கம் விடாமல் இருக்க மாட்டார்.

அப்படி விடும்போது கேட்க வேண்டிய வேலை காலைக் கன்ட்ரோல், அதாவது மதிப்பு தெரிந்த சாம்பிளை ஓட்டி மெஷினைச் சரிபார்ப்பது. சின்ன லேபில் அதைச் செய்ய ஆள் கிடைப்பதில்லை, கேட்டால் கொடுத்துவிடுவார்கள். தினமும் லீவி-ஜென்னிங்ஸ் சார்ட்டில் புள்ளி வையுங்கள். மூன்று எஸ்.டி.யை (திட்ட விலக்கம்) தாண்டினாலோ, அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே பக்கம் இரண்டு எஸ்.டி.யைத் தாண்டினாலோ, நோயாளி சாம்பிள் ஓட்டாதீர்கள். திரும்ப ஓட்டுவதற்கு முன் கன்ட்ரோல் பாட்டிலைப் பாருங்கள்: கரைத்த நீரின் அளவு பிசகியதா, குலுக்கி நுரை வந்ததா, திறந்து எத்தனை நாள் ஆனது. பெரும்பாலும் ரீஏஜென்ட்டுக்கு முன்னால் அங்கேயே குற்றவாளி அகப்பட்டுவிடுவான். மைக்ரோபயாலஜி, ரத்த வங்கி போஸ்டிங் கிடைக்கவில்லை என்றால், இன்டர்ன்கள் எல்லோரும் கையெழுத்திட்டு முதல்வரிடம் கடிதம் கொடுங்கள். தனியாகப் போய்ப் பேசினால் அந்த நிமிடத்தோடு மறந்துவிடுவார்கள்.

கேள்வி: முடித்த பிறகு அரசு வேலைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சிறிய கல்லூரிப் பட்டம் செல்லுமா?
– வாசகர், இராமநாதபுரம்

பதில்: பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வருகிறது, கல்லூரியின் அளவு அதில் இல்லை. அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் முந்தைய அறிவிப்புகளைப் படியுங்கள். சில பணிகளுக்குப் பட்டயமும், சிலவற்றுக்குப் பட்டமும் கேட்பார்கள். பட்டம் பெரிது, பட்டயத்துக்குப் பதில் செல்லும் என்று தாமாக முடிவுசெய்து விண்ணப்பிக்க வேண்டாம்.

வளைகுடாவுக்குப் போகும்போது சிறிய கல்லூரியால் ஒரே ஒரு சிக்கல் வரும். உங்கள் சான்றிதழ் உண்மைதானா என்று டேட்டாஃப்ளோ போன்ற நிறுவனங்கள் நேரடியாகக் கேட்டு எழுதும்போது, பதில் போட அங்கே ஆள் இருக்க மாட்டார்கள். உங்களுக்குப் பாடம் எடுத்தவர் மாறியிருப்பார், ரெக்கார்டு எங்கே என்று தெரியாது. எனவே படிப்பு முடிந்த மாதமே டிரான்ஸ்கிரிப்ட், சீல் வைத்த பாடத்திட்டப் பிரதி, எந்தப் பிரிவில் எத்தனை மணி நேரம் என்று காட்டும் இன்டர்ன்ஷிப் கடிதம் மூன்றையும் இரண்டு செட் வாங்கிவிடுங்கள். கடிதத்தில் தேதி "ஒரு வருடம்" என்று இருக்கக் கூடாது, தொடங்கிய நாளும் முடிந்த நாளும் வேண்டும். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால், இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்றும் தேவைப்படும். வீட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு இன்னும் எழுதாத பிள்ளை இருந்தால், பெயரை அப்போதே பாஸ்போர்ட்டுக்கு ஏற்றபடி பதிந்துவிடுவது செலவில்லாத வழி.